மேம்பாடும் கீம்பாடும்: கெடுத்து வைத்த திருத்தத்துக்குப் பெயர் சூட்டுவது எப்படி

எங்கள் வீட்டு வாசலில் ஒரு காலத்தில் மூன்று படி இருந்தது. முதல் தடவை தெருவில் தார் ரோடு போட்டபோது கீழ்ப்படி உள்ளே போனது. யாரும் கவலைப்படவில்லை, ரோடு பளபளவென்று இருந்தது, பையன்கள் அன்று சாயங்காலமே செங்கல்லை நிறுத்தி கிரிக்கெட் ஆடினார்கள். இரண்டாவது தடவை இன்னொரு படி. மூன்றாவது தடவை வாசலும் ரோடும் ஒரே மட்டம். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு அப்புறம்தான் புதுத்தார் போட வேண்டும் என்று விதி இருக்கிறது, ஆனால் எங்கள் தெருவுக்கு அந்தச் சுரண்டும் மெஷின் வந்ததே இல்லை. நான்காவது தடவைக்குப் பிறகு, தெருவில் இருந்து ஒரு படி இறங்கித்தான் வீட்டுக்குள் வர வேண்டும் என்று ஆகிவிட்டது. மழைத்தண்ணீருக்கும் அதே வழிதான். அந்த மழையில் கூடத்துத் தண்ணீரை நானும் அம்மாவும் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தோம், வாசலுக்கு நேரே "சாலை மேம்பாட்டுப் பணி, சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்ற போர்டு இன்னும் நின்றுகொண்டிருந்தது. அம்மா இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து அதைப் பார்த்தார். "மேம்பாடாம், கீம்பாடாம்."

கையில் இருந்த மக்கை அப்படியே வைத்துவிட்டேன். பல வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்த சொல் அது. ரோடு மேம்பட்டது, வீடு கீம்பட்டது. மேம்பாடு என்றால் மேலே போவது காதில் விழுவதுபோல, கீம்பாடு என்றால் கீழே போவது விழுகிறது, ஆனால் அம்மா 'கீழ்' என்று நினைத்துச் சொல்லவே இல்லை. காசு கீசு, காப்பி கீப்பி என்று சொல்கிற பழக்கத்தில் வாய் தானாக உருட்டிவிட்ட சொல்.

இப்படிச் சொல் உண்டாக்குவது எப்படி என்பதுதான் இந்தக் குறிப்பு. நல்லது செய்கிறேன் என்று கிளம்பி இருந்ததையும் கெடுத்துவிடுகிற திருத்தம் இருக்கிறதே, அதற்கான சொற்கள் மட்டும். மற்ற கலைச்சொல் ஆக்கத்துக்கெல்லாம் அறிஞர்கள் இருக்கிறார்கள், இதற்கு எரிச்சல் இருந்தால் போதும்.

நம்மிடம் ஏற்கெனவே பழமொழி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, தாராளமாக. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது, சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி, உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா. ஒவ்வொன்றும் முத்து. ஆனால் பழமொழி ஒரு முழு வாக்கியம், அதை வைத்து வேலை வாங்க முடியாது. "நேற்று என் ஃபோன் பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது" என்று சொல்வதற்குள் கேட்கிறவர் கொட்டாவி விட்டுவிடுவார். பெயராகவும் வினையாகவும் நிற்கிற ஒற்றைச் சொல் வேண்டும். ஜெர்மன்காரர்களிடம் அது இருக்கிறது: ஃபெர்ஷ்லிம்பெஸர்ன். கெடுப்பது என்ற சொல்லையும் திருத்துவது என்ற சொல்லையும் ஒன்றுக்குள் ஒன்று செருகிச் செய்தது. ஜப்பானியர்கள் இன்னும் சிக்கனம். தொழிற்சாலைகளில் எல்லோரும் பாடம் எடுக்கிற கைஸென் என்பதில் முதல் பாதி மாற்றுவது, இரண்டாம் பாதி நல்லது. அந்த நல்லதைக் கழற்றிவிட்டுக் கெட்டதை மாட்டினால் கைஅகு. எந்த நிறுவனமும் கைஅகுவுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துவதில்லை, தானாகவே நடக்கிறது.

ஆங்கிலத்தில் 2022ல் கோரி டாக்டரோ என்கிற எழுத்தாளர் 'என்ஷிட்டிஃபிகேஷன்' என்று ஒன்றை உருவாக்கினார். இணைய சேவைகள் வரவர நாசமாவதைக் குறிக்கும் சொல். அமெரிக்க வழக்குமொழிச் சங்கம் 2023க்கான சொல்லாக அதைத் தேர்ந்தெடுத்தது, ஆஸ்திரேலியாவின் மக்குவாரி அகராதி 2024க்கு. அந்தச் சொல்லின் நடுவில் உட்கார்ந்திருக்கும் கெட்ட வார்த்தைதான் அதன் உயிர். அதை நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்தால் 'மலமாக்கம்' என்று வரும், கேட்டால் ஏதோ எரு தயாரிக்கும் திட்டம் போலிருக்கிறது. எனவே முதல் விதி, பிற மொழியில் இருக்கும் சொல்லைப் பார்த்துப் பொறாமைப்படலாம், பெயர்த்து எடுத்து வரக்கூடாது.

சரி, எங்கே தொடங்குவது? கெடுத்தவர் என்ன வார்த்தை போட்டுக் கெடுத்தாரோ அந்த வார்த்தையில். போர்டில், அறிவிப்பில், ஃபோனில் வரும் செய்தியில் ஒரு பெருமைச் சொல் கட்டாயம் இருக்கும்: மேம்பாடு, சீரமைப்பு, வசதி, புதுமை, சிறப்பம்சம். அதை அப்படியே பிடித்துக்கொண்டு, முடிந்த அளவு குறைவாகத் திருக வேண்டும். கேட்பவர் காதில் பழைய சொல் பாதி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே புதுச்சொல் விழுந்துவிட வேண்டும், அப்போதுதான் சிரிப்பும் வரும், அர்த்தமும் புரியும். 'வசதி'யில் முதல் மெய்யைத் தட்டிவிட்டால் 'அசதி'. புதிதாக எதுவும் செய்யவில்லை, ஓர் ஒலியை எடுத்தேன், அவ்வளவுதான். "இந்தப் பதிப்பில் பல புதிய அசதிகள் சேர்க்கப்பட்டுள்ளன" என்று படித்துப் பாருங்கள். 'புதுமை' நடுவில் ஒரு சகரத்தை நுழைத்தால் 'புதுச்சுமை', புதுச்சேரி மாதிரியே ஒற்று மிகுந்து இலக்கண சுத்தமாக வருகிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது 'சிறப்பிம்சை'. சிறப்பு + அம்சம் சிறப்பம்சம் ஆகுமென்றால் சிறப்பு + இம்சை சிறப்பிம்சை ஆகாதா? புது டிவி வாங்கிய வீட்டில் ஒலியைக் கூட்ட மூன்று ரிமோட்டைத் தேடும்போது சொல்லிப் பாருங்கள்.

இதில் நான் சறுக்கியதும் உண்டு. நவீனம் என்பதை நவ + ஈனம் என்று உடைத்து ஒரு நாள் பெருமையாகச் சொன்னேன். பக்கத்தில் இருந்த தமிழாசிரியர் ஒருவர், தேவ + இந்திரன் தேவேந்திரன் ஆவதுபோல நவ + ஈனம் 'நவேனம்' என்றுதான் ஆகும் என்றார். அவர் சொன்னது சரி. அதைவிடப் பெரிய குறை, அந்தச் சிலேடை பேப்பரில்தான் தெரியும், வாயால் சொன்னால் நவீனமும் நவீனமும் ஒன்றாகவே கேட்கும். சொல்லிப் பார்த்து வித்தியாசம் தெரியாத சொல்லைக் கைவிட்டுவிடுங்கள், எவ்வளவு புத்திசாலித்தனமாக இருந்தாலும்.

அடுத்தது அம்மாவின் முறை. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் உலகத்தில் வேறு பலரிடம் இல்லாத ஒரு வசதி இது (அசதி அல்ல). எந்தச் சொல்லையும் அலட்சியப்படுத்த அதன் முதல் எழுத்தை எடுத்துவிட்டு, குறிலாக இருந்தால் 'கி', நெடிலாக இருந்தால் 'கீ' போட்டுத் திருப்பிச் சொல்வோம். பணம் கிணம், வேலை கீலை. யாரும் சொல்லித் தரவில்லை, மூன்று வயதுக் குழந்தைக்கே வந்துவிடுகிறது. ஆனால் எப்போதும் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். இங்கே செய்ய வேண்டியது, முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் தனியே எடுத்து ஒரு சொல்லாக உட்கார வைப்பது. அப்டேட் என்பது நல்லது செய்வது, 'கிப்டேட்' என்பது அப்டேட் என்ற பெயரில் வந்து கெடுப்பது. "நேற்று ராத்திரி ஃபோனுக்கு ஒரு கிப்டேட் வந்தது, காலையில் இருந்து அலாரம் அடிக்கவில்லை." யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அசலின் நிழல் போலவே இருக்கும், ஆனால் அசல் இல்லை, நமக்கு வேண்டியதும் அதுதான். ஆங்கிலச் சொல், சமஸ்கிருதச் சொல், தமிழ்ச் சொல் என்று பேதமும் பார்க்காது: கிசதி, கிவீனம், கீர்திருத்தம். 'கி', 'கீ'யில் தொடங்கும் சொற்களுக்கு மட்டும் இது பலிக்காது, அதனால் மாடுலர் கிச்சனைத் திட்ட வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

கீம்பாட்டுக்கு இன்னொரு பலம், அதை வினையாக்கலாம். கீம்பட்டது, கீம்படுத்துகிறார்கள், கீம்படுத்திவிட்டார்கள். ஒரு சொல் நிலைக்குமா என்று பார்க்க எனக்குத் தெரிந்த நல்ல சோதனை, அதை இறந்தகாலத்தில் போட்டுப் பார்ப்பது. இழுத்த இழுப்புக்கு வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் அது ஒரு ஜோக், ஒரு தடவை சிரித்ததோடு சரி.

மேம்படுத்து என்ற சொல்லிலேயே ஒரு புதையல் இருக்கிறது. 'மேம்' கழன்று விழுந்துவிட்டால் மிஞ்சுவது 'படுத்து'. தொந்தரவு கொடுக்கும் குழந்தையைப் "படுத்துகிறான்" என்கிறோம், நின்றுபோன சர்வரை "படுத்துவிட்டது" என்கிறோம். இரண்டுமே நமக்குத் தேவையான அர்த்தம். ஆகவே மேல்நோக்கிப் போகாமல் படுத்துவதை மட்டும் செய்கிற மேம்படுத்தலுக்கு 'வெறும்படுத்தல்' என்று வைத்திருக்கிறேன். நண்பர் ஒருவரின் அலுவலகத்தில் விடுப்பு எழுதிக் கொடுக்க முன்பு ஒரு நோட்டு இருந்தது, மேனேஜர் கையெழுத்து போடுவார், முடிந்தது. இப்போது அதற்கு ஒரு செயலி. விண்ணப்பித்தால் அனுமதி வருவதற்குள் விடுப்பே முடிந்துவிடுகிறது, அதனால் எல்லோரும் பத்திரத்துக்கு அந்த நோட்டிலும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். ஒரு வேலை இரண்டு வேலையானது. சுத்தமான வெறும்படுத்தல்.

செயலி என்றதும் ஞாபகம் வருகிறது. தமிழில் 'இலி' என்று ஒரு விகுதி இருக்கிறது, இல்லாதவர் என்று பொருள். அகதியை ஏதிலி என்கிறோமே, அதே இலி. திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும், உள்ளே போனால் "ஏதோ தவறு நேர்ந்துவிட்டது" என்று மட்டும் சொல்லும் செயலிக்கு 'செயலிலி' என்று பெயர் வைத்தால் யார் மறுக்க முடியும்? ஒரே ஒரு 'லி' கூடுதல். புதுப் பதிப்பை ஏற்றிக்கொள்ளும்போது அதுவரை செயலியாக இருந்தது செயலிலி ஆகிறது. வாயில் இது கொஞ்சம் வழுக்கும், திக்குகிறோமோ என்று கேட்பவர் நினைக்கலாம், ஆனாலும் எழுத்தில் நன்றாக நிற்கிறது.

இலக்கணப் பிரியர்களுக்கு வினைத்தொகை. ஊறுகாய், சுடுகாடு மாதிரி வினையின் வேரையும் ஒரு பெயரையும் ஒட்டினால், ஊறிய காய், ஊறுகிற காய், ஊறும் காய் என்று மூன்று காலமும் அதற்குள் அடங்கிவிடும். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது இது எதற்கு என்று தோன்றியது, இப்போது தெரிகிறது. சீர்கேடு, மானக்கேடு என்கிற பாணியில் 'திருத்தக்கேடு' என்று முதலில் செய்தேன், ஆனால் மானக்கேடு என்றால் மானத்துக்கு வந்த கேடு, அந்தக் கணக்கில் திருத்தக்கேடு என்றால் திருத்தத்துக்கு வந்த கேடு என்றாகிவிடும். நமக்கு வேண்டியது திருத்தத்தால் வந்த கேடு. 'திருத்துகேடு' என்று வினைத்தொகையாக மாற்றியதும் சரியாகிவிட்டது. திருத்திய கேடு, திருத்துகிற கேடு, இனிமேலும் திருத்தப்போகிற கேடு. மூன்றாவதில்தான் எனக்குப் பயம். ஒற்று மட்டும் போட்டுவிடாதீர்கள், வினைத்தொகையில் வல்லினம் மிகாது. இதே அச்சில் 'குறைபொட்டலம்' வார்க்கலாம், புதுக் கவர், புது டிசைன், அதே அஞ்சு ரூபாய் விலை, உள்ளே மட்டும் இரண்டு பிஸ்கட் குறைந்திருக்கும் பாக்கெட்டுக்கு. முன்பு குறைந்தது, இப்போதும் குறைகிறது, மேலும் குறையும்.

கெடுத்த புதுப்பொருளை விட்டுவிட்டு, கெடாத பழம்பொருளுக்குப் பெயர் வைக்கும் வழியும் ஒன்று உண்டு. இதை நாம் சத்தமில்லாமல் ரொம்ப காலமாகச் செய்துவருகிறோம். பிராய்லர் வருவதற்கு முன்னால் நாட்டுக்கோழி என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், கோழி, அவ்வளவுதான். அரிசி ஆலை வராத காலத்தில் கைக்குத்தல் அரிசி என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. ஆலை வந்து தவிட்டை முழுக்க நீக்கி அரிசியை வெள்ளை வெளேரென்று ஆக்கியது, பார்க்க மேம்பாடுதான். ஆனால் அந்த அரிசியையே நம்பிச் சாப்பிட்ட ஆசிய நாடுகளில் பெரிபெரி நோய் பரவியது. 1890களில் ஜாவாவில் இருந்த டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மன், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் தள்ளாடி விழுவதையும், தீட்டாத அரிசி கொடுத்ததும் தேறுவதையும் கவனித்தார். தவிட்டோடு போனது பி1 வைட்டமின் என்று பிற்பாடு தெரிந்தது, அவருக்கு 1929ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இன்றைக்கு அதே கைக்குத்தல் அரிசியை நாம் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறோம். கோகோ கோலா நிறுவனமும் 1985 ஏப்ரலில் ருசியை மாற்றி, திட்டு வாங்கி, 79 நாளில் பழைய பானத்தைத் திரும்பக் கொண்டுவந்தபோது அதற்கு 'கிளாசிக்' என்று அடைமொழி போட வேண்டியிருந்தது. நம் ஊர்க் கணக்கில் அது நாட்டு கோலா.

இந்த 'நாட்டு'வை எதற்கு வேண்டுமானாலும் ஒட்டலாம் என்பது என் யோசனை. அமுக்கினால் டக்கென்று சத்தம் வருகிற பட்டனுக்கு 'நாட்டு பட்டன்'. காரில் ஏசியைக் குறைக்கக்கூடத் திரையைத் தடவ வேண்டியிருக்கிறது, கண்ணை ரோட்டில் இருந்து எடுக்காமல் அது முடிகிற காரியமா? ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப் அமைப்பு, இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத் தனிப் பட்டனோ நெம்புகோலோ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று 2026 முதல் விதி வைத்திருக்கிறது. அமெரிக்கக் கடற்படை இன்னும் முன்னாலேயே பட்டுத் தெரிந்துகொண்டது. 2017ல் அவர்களுடைய ஜான் எஸ். மக்கெய்ன் என்ற போர்க்கப்பல் சிங்கப்பூர் அருகே எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள், தொடுதிரையில் இருந்த கட்டுப்பாட்டுக் குழப்பம் அதற்கு ஒரு காரணம் என்று விசாரணையில் வந்தது, 2019ல் கையால் தள்ளும் பழைய நெம்புகோலுக்கே திரும்பப்போவதாக அறிவித்தார்கள். நாட்டு நெம்புகோல்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழக்கமில்லாததை எல்லாம் கீம்பாடு என்று சொல்லிக்கொண்டு திரிந்தால் நம்மைக் கிழம் என்பார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கும். எங்கள் வீட்டில் மிக்ஸி வந்தபோது தாத்தா ஒரு மாசம் சட்னியைத் தொடவில்லை, அம்மி ருசி இல்லையாம். அம்மியில் அரைத்தது பாட்டி. பாட்டியிடம் யாரும் கேட்கவில்லை. ஆகவே சொல் உண்டாக்குவதற்கு முன்னால் இரண்டு வாரம் பொறுங்கள். அதற்கப்புறமும் எரிச்சல் போகவில்லை என்றால், முன்பு செய்ய முடிந்த எந்தக் காரியத்தை இப்போது செய்ய முடியவில்லை என்று ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால் அது கீம்பாடு. மைக்ரோசாஃப்ட் 2012ல் விண்டோஸ் 8ல் ஸ்டார்ட் பட்டனை எடுத்தபோது உலகமே ஒரே வரியில் எழுதியது, அடுத்த வருஷமே 8.1ல் பட்டன் திரும்பி வந்தது. எழுத வராமல் "என்னவோ முன்ன மாதிரி இல்லை" என்று மட்டும் வந்தால், அது நம் வயசு.

அப்புறம் நோக்கத்தையும் பார்க்க வேண்டும். தெரியாமல் கெடுப்பது வேறு, திட்டம் போட்டுக் கெடுப்பது வேறு, இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் திட்டம் போட்டவன் அப்பாவி வேஷத்தில் தப்பித்துக்கொள்வான். டாக்டரோ சொன்னது இரண்டாவது ரகம்: முதலில் பயனருக்கு எல்லாம் இலவசமாக, இனிமையாகக் கொடுப்பது, அவர்கள் வெளியேற முடியாத அளவு சிக்கியதும் அவர்களைப் பிழிந்து விளம்பரம் தருபவர்களுக்கும் வியாபாரிகளுக்கும் கொடுப்பது, கடைசியில் அந்த வியாபாரிகளையும் பிழிந்து எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொள்வது. இதைப் படித்தபோது எனக்கு மாட்டுத் தொழுவம்தான் கண்ணில் வந்தது. பால் கறக்கும்போது முதலில் கன்றை அவிழ்த்து விடுவார்கள், அது முட்டி முட்டிக் குடிக்கும், மாடு பாசத்தில் பாலைச் சுரந்து இறக்கும், இறக்கிய மறு நிமிஷம் கன்றை இழுத்து எதிரே கட்டிவிட்டுச் சொம்பை வைத்துவிடுவார்கள். கன்று கொடுத்துவைத்தது என்று நினைத்துக்கொண்டிருந்த நேரம் அந்த ஒரு நிமிஷம்தான். இதற்கு 'விட்டுக்கறப்பு' என்று வைத்தேன். விட்டுக்கொடுப்பு என்ற நல்ல சொல் பின்னணியில் ஒலிக்கிறது, கொடுப்பு இருந்த இடத்தில் கறப்பு வந்து உட்கார்ந்திருக்கிறது. இலவச டெலிவரி என்று பழக்கிவிட்டு, தெருமுனைக் கடையை நாம் மறந்ததும் டெலிவரிக்கும், பேக்கிங்குக்கும், மழை பெய்தால் மழைக்கும் காசு கேட்பது விட்டுக்கறப்பு.

ஒரு சொல் எப்படிப் பிறக்கிறது என்று ஒரு தடவை முழுதாகச் செய்து காட்டிவிடுகிறேன். போன மாசம் ஒரு கல்யாண மண்டபம். பந்தி முடிந்து கை கழுவப் போனால், திருகுகிற குழாயை எடுத்துவிட்டு அழுத்துகிற குழாய் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் வீணாகக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான், தலைக்கு மேலே "நீரைச் சேமிப்போம்" என்று ஒட்டியும் இருந்தது. அழுத்தினால் மூன்று நொடி வரும், நின்றுவிடும். வலது கை முழுக்க சாம்பார், இடது கையால் அழுத்திப் பிடித்தால் ஒரு கையை மட்டும்தான் கழுவலாம், ஒரு கையை இன்னொரு கை தேய்க்காமல் எண்ணெய் எங்கே போகும்? குழந்தைகளுக்கு அழுத்த பலம் இல்லை. ஒருவர் முழங்கையால் அழுத்தப் போய்ச் சட்டையை நனைத்துக்கொண்டார். நான் திரும்பி வந்து பார்த்தபோது யாரோ புத்திசாலி ஒரு குச்சியை வளைத்துச் செருகி குழாயை அமுங்கிய நிலையிலேயே நிறுத்தியிருந்தார், தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, ராத்திரி முழுக்கக் கொட்டியிருக்கும். இப்போது சொல். பெருமைச் சொல் எது? சேமிப்பு. நடந்தது என்ன? இழப்பு. சேமிப்பும் இழப்பும் 'ப்பு' என்றே முடிகின்றன, நல்ல சகுனம். ஒட்டினால் 'சேமிழப்பு'. புணர்ச்சி விதிப்படி 'சேமியிழப்பு' என்று ஒரு யகரம் நடுவில் வர வேண்டும், ஆனால் அதைப் போட்டால் சேமியா ஞாபகம் வந்துவிடுகிறது. நாக்கு சொன்னபடி விட்டுவிட்டேன். காரில் திரும்பும்போது அத்தையிடம் சொன்னேன், "சேமிழப்பா? அந்தக் குழாயா?" என்றார். சோதனையில் பாஸ்.

அத்தையிடம் சொல்வதைத்தான் வலியுறுத்துகிறேன். நீங்கள் உண்டாக்கிய சொல்லை விளக்கம் இல்லாமல், ஒரு வாக்கியத்துக்குள் வைத்து, இந்த விஷயங்களில் அக்கறையே இல்லாத ஒருவரிடம் சொல்லுங்கள். மேற்கோள் குறி போடாதீர்கள், கண்ணடிக்காதீர்கள், "இது என் சொல்" என்று காப்புரிமை கோராதீர்கள். "அப்படின்னா?" என்று கேட்டால் சொல் செத்தது. இதில் தமிழுக்கு நல்லது செய்யக் கிளம்பியவர்களே சறுக்கியிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பைக் கட்செவி அஞ்சல் என்று மாற்றினார்கள், கட்செவி என்றால் பழந்தமிழில் பாம்பு. காப்பியைக் குளம்பி என்றார்கள், எனக்கு மாட்டுக் குளம்புதான் தெரிந்தது. ரயிலுக்குப் புகைவண்டி என்று அழகாகத்தான் வைத்தார்கள், கரி எஞ்சின் போய் மின்சாரம் வந்ததும் புகையைக் காணோம், பெயர் மட்டும் புகைந்துகொண்டிருந்தது. அப்படிப் பார்த்தால் நல்ல சொல்லைத் தருகிறேன் என்று கிளம்பி இருந்த சொல்லையும் சிரிப்புக்கிடமாக்குவதும் ஒரு கீம்பாடு. நாமும் அந்த வலையில் விழலாம், அதனால்தான் அத்தை வேண்டும். மறுபுறம் கணினி, இணையம், பேருந்து எல்லாம் எவ்வளவு சுகமாக உட்கார்ந்துவிட்டன பாருங்கள், பேருந்தை உடைத்தால் பெருமை, உந்து என்று இரண்டு சொல் வரும், உடைக்காமலும் ஏறிப் போகலாம்.

எங்கள் தெருவுக்கு வருகிறேன். எதிர்வீட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆட்களைக் கூட்டிவந்து ஜாக்கி வைத்து வீட்டையே மூன்றடி தூக்கிவிட்டார். அஸ்திவாரத்தைச் சுற்றி வரிசையாக ஜாக்கிகள், ஒருவர் சத்தம் கொடுக்க எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு திருகு, தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. வீடு பத்திரமாக ஏறிவிட்டது, ஒரு விரிசல் இல்லை. வாசலை மண் கொட்டி உயர்த்தி, அழகாகச் சரிவு கொடுத்துத் தளம் போட்டிருக்கிறார். சரிவு எங்கள் பக்கம். போன வாரம் பெய்த மழையில் ரோட்டுத் தண்ணீரோடு அவர் வாசல் தண்ணீரும் சேர்ந்து உள்ளே வந்தது. ஒருவருடைய கீம்பாட்டுக்கு அவர் செய்துகொண்ட மேம்பாடு இன்னொருவருக்குக் கீம்பாடு ஆனால் அதை என்னவென்று சொல்வது? இரண்டாம் கீம்பாடு, எதிர்க்கீம்பாடு, பக்கத்துக்கீம்பாடு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன், எதுவும் ஒட்டவில்லை. அம்மாவிடமே கேட்டேன்.

"முதல்ல அந்த வாளியை எடு" என்றார்.